காற்றை வெளியேற்றிய கைகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் ஆவணியில் என்று படித்தவுடன் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் முடிந்துவிடும், நல்ல முடிவு. நாங்கள் இருவரும் முதல் நாளே வந்துவிடுவோம். பந்தலுக்கும் சமையலுக்கும் ஆள் பார்க்க வேண்டுமென்றால் தயங்காமல் எழுது. என் மைத்துனர் அந்த வட்டாரத்தில் எல்லோரையும் அறிந்தவர்.

எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது சிறிய எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுபடியும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்லூரி ஆய்வகத்தைக் காலி செய்தபோது குப்பைக்குப் போகவிருந்த பழைய மின்னிறக்கக் குழாய்களை, காற்றை இறைத்துவிட்டு மின்சாரம் செலுத்தினால் ஒளிரும் அந்தக் கண்ணாடிக் குழாய்களை, நீ கேட்டு வாங்கி வந்தது மிகச் சரியான காரியம். அவற்றை எடைக்குப் போட நினைத்தவர்களை எண்ணினால் மனம் கசக்கிறது. போகட்டும், உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டன.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். உன் அண்ணன் பேரனின் பிளஸ் டூ புத்தகத்தில் எல்லாவற்றையும் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி ஒருவரே செய்ததுபோல் இரண்டு பத்தியில் முடித்துவிட்டார்கள், அந்தக் குழாய்களை ஊதியது யார் என்று எங்கும் இல்லையே என்று எழுதியிருந்தாய். வாழ்நாள் முழுவதும் ஊதுவிளக்கின் முன் உட்கார்ந்த உனக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். இந்த ஆராய்ச்சியின் கதை பெரும்பகுதி கண்ணாடி ஊதியவர்களின் கதை, காற்றிறைக்கும் பம்புகளின் கதை என்றே நான் நம்புகிறேன். பம்பு ஒரு படி மேம்பட்ட ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் புதிதாக ஒன்று தெரிந்தது. சிந்தனை அதற்குப் பின்னால்தான் ஓடி வந்தது.

தொடக்கம் தற்செயலானது. 1675-இல் ழான் பிக்கார் என்ற வானியலாளர் பாரிஸ் வானாய்வகத்திலிருந்து காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு பாதரச பாரமானியை இரவில் எடுத்துக்கொண்டு போனார். பாதரசம் குலுங்கும்போதெல்லாம் அதற்கு மேலே வெறுமையாக இருந்த இடத்தில் மங்கலான ஒளி தோன்றி மறைந்தது. பாதரசம் கண்ணாடியில் உரசுவதால் நிலைமின்சாரம் உண்டாகிறது, எஞ்சியிருக்கும் மெல்லிய வாயுவை அது ஒளிரச் செய்கிறது என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பாதரசத்துக்குள்ளேயே ஏதோ ஒளிப்பொருள் இருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

முப்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ அதைக் கையில் எடுத்தார். துணி வணிகம் பழகிய குடும்பத்துப் பிள்ளை. நியூட்டன் தலைவராக இருந்த ராயல் சொசைட்டியில் சோதனைகளைச் செய்துகாட்டும் வேலை அவருக்கு. ஒரு கண்ணாடிக் கோளத்திலிருந்து காற்றை இறைத்துவிட்டு, அதைச் சக்கரத்தில் மாட்டி வேகமாகச் சுழற்றி, மேலே வெறுங்கையை வைத்தார். உள்ளே ஊதா நிற ஒளி பரவியது. பெரிய எழுத்துகளைப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம். காற்றை மெல்ல உள்ளே விட்டால் ஒளி மங்கிப் போனது. அதாவது ஒளிக்குக் காரணம் பாதரசம் அல்ல; உரசலும், உள்ளே காற்று குறைவாக இருப்பதும்தான். 1705-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தவை இவை. நான் மிகவும் மதிக்கும் மனிதர்களில் ஹாக்ஸ்பீ ஒருவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல், கையால் செய்து பார்த்தே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

அதற்குப் பிறகு நூறாண்டுகளுக்கு மேல் பெரிய முன்னேற்றம் இல்லை. வில்லியம் வாட்சன் நீண்ட கண்ணாடிக் குழாயில் அந்த ஒளியைக் கொண்டுவந்து காட்டினார், பார்த்தவர்கள் வியந்தார்கள், அவ்வளவுதான். பம்புகள் எல்லாம் உருளையும் உந்துதண்டும் தோல் வாஷரும் வைத்தவை. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் கசியும். கசிகிற பம்பை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன காண முடியும்?

அந்தப் பம்புகளை வைத்தே கூர்ந்து பார்த்தவர் ஃபாரடே. 1838-இல் அவர் செய்ததை உனக்கு விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம் உள்ள குழாய்களில் அதை நீயே காணலாம். ஒரு கண்ணாடிக் கோளத்தின் இரு பக்கமும் சுமார் ஏழரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தண்டுகளைச் செருகி, நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்தார். காற்றை இயன்றவரை வெளியேற்றினார். மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே தண்டுகளை மெல்லப் பிரித்தார். பிரிந்த கணத்தில் எதிர்மின் தண்டின் நுனியைச் சுற்றி ஓர் ஒளி படர்ந்தது. நேர்மின் தண்டு இருளாகவே இருந்தது. இன்னும் விலக்கியபோது நேர்மின் தண்டிலிருந்து ஊதா நிறப் புகைபோல ஒன்று நீண்டு எதிர்ப்பக்கத்தை நோக்கி வந்தது. விலக்க விலக்க அது நீண்டது. ஆனால் எதிர்மின் தண்டின் ஒளியை அது ஒருபோதும் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு சிறிய இருண்ட இடைவெளி இருந்தது. அதைத்தான் ஃபாரடே கரும்பகுதி என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

ஒளியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒளியையே பார்த்தார்கள். அவர் நடுவிலிருந்த இருளைக் குறித்துவைத்தார். நேர்மின், எதிர்மின் முனைகளில் இப்படி வேறுவேறாக நடப்பது மின்னியலில் நாம் இப்போது நினைப்பதைவிடப் பெரிய இடத்தைப் பெறும் என்றும் எழுதினார். எலக்ட்ரான் என்ற பெயரே பிறக்காத காலத்தில்!

ஏன் காற்று குறைந்தால் ஒளி வருகிறது என்று பேரனுக்கு நீ இப்படிச் சொல்லிக் கொடு. தேரோட்டக் கூட்டத்தில் ஒருவன் ஓட நினைத்தால் ஓரடி எடுப்பதற்குள் இன்னொருவர் மேல் முட்டுவான். வேகம் பிடிக்கவே முடியாது. சாதாரணக் காற்றில் எலக்ட்ரானின் கதி அதுதான். காற்று மூலக்கூறு ஒன்று அடுத்ததோடு மோதுவதற்கு முன் செல்லும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் திறந்த காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பொறி பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் தேவைப்படுகிறது. அழுத்தத்தை ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைத்தால் மோதலுக்கும் மோதலுக்கும் இடையே வேகம் பிடிக்கப் போதிய இடம் கிடைக்கிறது. அந்த வேகத்தோடு மோதும்போது மூலக்கூறு கிளர்ந்து ஒளியை உமிழ்கிறது. இன்னும் குறைத்து, வளிமண்டலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனால் அந்தத் தொலைவு ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். உன் கையிலிருக்கும் குழாயின் நீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு! எலக்ட்ரான் அதைவிடவும் தொலைவு போகும். வழியில் எதிலும் மோதாமல் எதிர்ப்பக்கக் கண்ணாடிவரை பாய்ந்துவிடும். அப்போது வாயு இருண்டுவிடும், கண்ணாடி ஒளிரும்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள வழியைத் திறந்தவர் உன் தொழில்காரர்தான். ஹைன்ரிஷ் கைஸ்லர். ஜெர்மனியின் தூரிங்கியக் காட்டுப் பகுதியில் இகெல்ஷீப் என்ற சிற்றூரில் 1814-இல் பிறந்தவர். கண்ணாடி ஊதும் குடும்பம். பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு பான் நகரில் பட்டறை போட்டார். வெப்பமானியும் நுண்ணிய கருவிகளும் செய்து பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவந்தார்.

1855-ஐ ஒட்டி அவர் செய்த பம்பில் உந்துதண்டும் இல்லை, தோலும் இல்லை. ஒரு கண்ணாடிக் குமிழ், அதிலிருந்து கீழே இறங்கும் நீண்ட குழாய், அதோடு வளையும் குழாயால் இணைத்த பாதரசக் கலம். கலத்தை உயர்த்தினால் பாதரசம் ஏறிக் குமிழை நிரப்பி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். அடைப்பைத் திருப்பிவிட்டுக் கலத்தைத் தாழ்த்தினால் பாதரசம் இறங்கி, குமிழில் டாரிசெல்லியின் வெற்றிடம், அதாவது பாரமானியில் பாதரசத்துக்கு மேலே இருப்பது போன்ற வெற்றிடம், உண்டாகும். இப்போது காலியாக்க வேண்டிய குழாயின் பக்கம் அடைப்பைத் திறந்தால் அதிலுள்ள காற்றில் ஒரு பகுதி குமிழுக்குள் வந்து நிறையும். மறுபடி கலத்தை உயர்த்த வேண்டும். இப்படியே ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி. பாதரசத்தின் கனம் உனக்குத் தெரியும். ஒரு நாள் அந்த வேலையைச் செய்தவனின் தோள் என்ன ஆகியிருக்கும் என்பதும் உனக்குத் தெரியும்.

அடுத்தது கம்பி. கண்ணாடிச் சுவரின் வழியாக உலோகத்தைக் கொண்டுபோய், காற்று ஒரு துளியும் நுழையாமல் உருக்கி மூட வேண்டும். பிளாட்டினத்தால்தான் அது முடிந்தது, ஏனென்றால் சூடேறும்போது அதுவும் சோடாக் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன: ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு. ஆறும்போது இரண்டும் சேர்ந்தே சுருங்குவதால் விரிசல் விடாது. போரோசிலிகேட் கண்ணாடியில் டங்ஸ்டன் கம்பியை இறக்க நீ பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். விரியும் அளவில் உள்ள சிறிய வேறுபாடு மறுநாள் காலையில் மயிரிழை விரிசலாக வந்து நிற்கும். அதனால் கைஸ்லரின் குழாய்களில் பல இன்றும் காற்றுப் புகாமல் இருப்பதை உன்னைப்போல் வியக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

1857-இல் அவர் செய்யத் தொடங்கிய குழாய்கள் கண்கொள்ளாக் காட்சி. சுருள், குமிழ், முடிச்சு எனப் பல வடிவங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி. உள்குழாயைச் சுற்றி குவினைன் கரைசல் நிரப்பிய உறை. பாரிஸில் ரூம்கார்ஃப் செய்து விற்ற, உயர் மின்னழுத்தம் தரும் தூண்டல் சுருளோடு இணைத்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் ஒளிரும். காற்று இருந்தால் நடுத்தம்பம் இளஞ்சிவப்பு, எதிர்மின் முனையருகே நீலம். நியான் விளக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது, ஆனால் அதன் உடம்பு இங்கேயே உருவாகிவிட்டது.

பான் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் புளூக்கர் என்ற பேராசிரியர் இருந்தார். அடிப்படையில் வடிவியல் அறிஞர். கைஸ்லரின் குழாய்களை வாங்கிக் காந்தத்தின் அருகே வைத்தார். ஒளி வளைந்தது. எதிர்மின் முனைக்கு அருகே கண்ணாடிச் சுவரில் ஒரு பச்சைத் திட்டு இருப்பதையும், காந்தத்தை நகர்த்தினால் அதுவும் நகர்வதையும் 1858-இல் எழுதினார். எலக்ட்ரானை நோக்கிய பாதையில் முதல் அடி என்று நான் கருதுவது இதைத்தான். கைஸ்லர் நடுவில் மயிரிழைபோல் ஒடுங்கிய குழாய்களையும் செய்து கொடுத்தார்; ஒளி அந்த ஒடுங்கிய இடத்தில் செறிந்து பிரகாசமாகத் தெரியும். அதைக் கொண்டு ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளைப் புளூக்கர் பிரித்துக் காட்டினார். குழாய்களுக்குக் கைஸ்லரின் பெயரையே வைத்தவரும் அவர்தான். 1868-இல் பான் பல்கலைக்கழகம் அந்தக் கண்ணாடித் தொழிலாளிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இதை முதன்முறையாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ குறிப்பிட்ட கோடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாயில் ஒளி தொடர்ச்சியாக இல்லாமல் வெளிச்சமும் இருளுமாக வட்டுகள் அடுக்கியதுபோல் தெரிந்தது என்றாயே, அது குழாயின் குறை அல்ல. லண்டனில் மது வணிகம் செய்துவந்த காசியட் என்பவர் 1850-களில் அதை விரிவாக ஆராய்ந்தார். பிறகு டி லா ரூ, மியூல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 11,000 வெள்ளிக் குளோரைடு மின்கலங்களை இணைத்து அதையே ஆண்டுக்கணக்கில் வரைந்து வைத்தார்கள். எலக்ட்ரான்கள் வேகம் பிடித்து, மோதி இழந்து, மறுபடி வேகம் பிடிக்கும் இடங்கள் வரிசையாக அமைவதால் வரும் கோடுகள் அவை. பேரனைக் கூப்பிட்டு அவசியம் காட்டு.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1865-இல் ஸ்பிரெங்கெல் செய்த பம்பில் பாதரசம் சொட்டுச் சொட்டாக ஒடுங்கிய குழாயில் விழும். ஒவ்வொரு சொட்டும் தனக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையே கொஞ்சம் காற்றைச் சிறைப்பிடித்துக் கீழே கொண்டுபோய்விடும். கலத்தைத் தூக்கி இறக்கும் வேலை மிச்சம், வெற்றிடமும் ஆழமானது. புளூக்கரின் மாணவர் ஹிட்டார்ஃப் 1869-இல் குழாய்க்குள் ஒரு பொருளை வைத்து அதன் நிழல் கண்ணாடியில் விழுவதைக் காட்டினார். எதிர்மின் முனையிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் புறப்படுகிறது என்பது அதோடு உறுதியானது.

அதன் பிறகுதான் உன் புத்தகத்துக் குரூக்ஸ். 1879 ஆகஸ்டில் ஷெஃபீல்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவில் மால்டா சிலுவையின் நிழலையும், உள்ளே உருண்டோடும் சிறு சக்கரத்தையும் காட்டி மக்களைக் கட்டிப்போட்டார். மூன்று குமிழ்களை ஒன்றாகவும் காட்டினார்: யுரேனியக் கண்ணாடி கரும்பச்சையாக ஒளிர்ந்தது, ஆங்கிலக் கண்ணாடி நீலமாக, ஜெர்மனியின் மென்கண்ணாடி பளிச்சென்ற இளம்பச்சையாக. அவருடைய குழாய்களையும் பம்பையும் செய்தவர் சார்லஸ் கிமிங்ஹாம் என்ற உதவியாளர். குரூக்ஸின் மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொந்த வீட்டு ஆய்வகத்தில் அவ்வளவையும் செய்த மனிதர். ஆனால் கிமிங்ஹாமின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

பம்புதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நான் சொல்வதற்கு முழுச் சான்று இனி வருவதுதான். எதிர்மின் முனையிலிருந்து புறப்படும் இந்தக் கதிர்கள் ஒளியைப் போன்ற அலை என்று ஜெர்மானியர் பலர் நினைத்தார்கள். மின்னூட்டம் பெற்ற துகள்கள் என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள். துகள்கள் என்றால் இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே போகும்போது வளைய வேண்டும். 1883-இல் ஹெர்ட்ஸ் அதைச் சோதித்தார். வளையவில்லை. எவ்வளவு நேர்த்தியான சோதனையாளர்! ரேடியோ அலைகளைக் கண்டவர். அவரே வளையவில்லை என்று சொன்ன பிறகு விவாதம் அலைக்கொள்கையின் பக்கம் சாய்ந்துவிட்டது. குழாயில் எஞ்சியிருந்த வாயுவே அவரைத் தடுத்தது. கதிர்கள் அந்த வாயுவை அயனியாக்கின, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களாக்கின; அந்த அயனிகள் தகடுகளில் போய்ச் சேர்ந்து மின்புலத்தையே மறைத்துவிட்டன.

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முதலில் அவருக்கும் வளையவில்லை. இன்னும் ஆழமாகக் காற்றை வெளியேற்றிய பிறகு வளைந்தது. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகள், இடையே ஒன்றரை சென்டிமீட்டர். வெறும் இரண்டு வோல்ட் கொடுத்தால்கூட ஒளிப்பொட்டு நகர்ந்தது. அதிலிருந்து அவர் கணக்கிட்டதுதான் ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இலேசான துகள், அதாவது எலக்ட்ரான். தாம்சன் கைவேலை வராத மனிதர். குழாய்களை ஊதியவர் எபனேசர் எவரெட். தாம்சன் கருவிகளைத் தொடாமல் இருப்பதையே அவர் விரும்பினாராம்! ஹெர்ட்ஸ் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளில், 36 வயதில் இறந்துபோயிருந்தார். நல்ல பம்பும் இன்னும் சில ஆண்டுகளும் கிடைத்திருந்தால் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இனி நீ கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. உன்னிடம் உள்ள குழாய்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. சுருளோடு இணைத்தால் உள்ளே வாயு நிறத்தோடு ஒளிர்ந்தால் அது கைஸ்லர் வகை. சில ஆயிரம் வோல்ட்டில் வேலை செய்யும், கம்பிகளைத் தொடாமல் இருந்தால் போதும். ஆனால் வாயு இருண்டு, கண்ணாடி பச்சையாக ஒளிர்ந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடு. அது குரூக்ஸ் வகை. 1895 நவம்பரில் வூர்ஸ்பர்க்கில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது அத்தகைய குழாயிலிருந்துதான். பெரிய சுருளைப் பூட்டினால் உன் குழாயிலிருந்தும் அவை வெளிவரும், பேரன் மூக்கை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். சிலுவையோ சக்கரமோ உள்ள குழாய் எதையும் சுருளோடு இணைக்கவே வேண்டாம். அலமாரியில் வைத்துக் காட்டினால் போதும்.

எடுத்து வைக்கும்போது காற்றை இறைத்து மூடிய கூர்நுனி எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பு. மின்முனையின் வடிவமும் கம்பி நுழையும் இடமும் தெளிவாகத் தெரியட்டும். எது எந்த வகை என்று எழுதி ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன். திருமணத்துக்கு வரும்போது சிறிய சுருள் ஒன்றையும் கொண்டுவருகிறேன்; சந்தடி ஓய்ந்த மறுநாள் பேரனை வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளை நாம் சேர்ந்தே பார்க்கலாம்.

அண்ணியாரிடம் எங்கள் இருவரின் அன்பையும் சொல். அழைப்பிதழ் அச்சானவுடன் தபாலில் ஒன்று போட்டுவிடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்